அண்ணாந்து பார்க்கிற அக்கா

அந்த அக்கா எந்த வீட்டுக்கு வந்தாலும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, மற்றக் காலை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். கூரையைப் பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிட்டவர்களின் முகத்தைப் பார்ப்பார். சில வீடுகளில் அப்படியே திரும்பிப் போனதும் உண்டு.

ஆரணியை ஒட்டின சேவூரில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பட்டுத்தறி வீடுகள்தான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், அதாவது ஒரு பாவு, முடிந்துபோனால், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையை எடுத்து ஒரு முறுக்கு, ஓர் இழுப்பு, அடுத்தது. பாவு பிணைப்பது என்பார்கள். இதுதான் அக்காவின் வேலை. கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பொழுது சாயும்வரை குனிந்தபடியே செய்வார். நடுவில், யாரோ மேலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல வெடுக்கென்று நிமிர்ந்து பார்ப்பார். அப்போதும் விரல்கள் நிற்காது. பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வார்.

கல்யாணமாகி நான் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், அவர் பல்லிக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

“பல்லியாக்கா?” என்று கேட்டேன்.

“பல்லி இருந்தா இருந்துட்டுப் போவுது. அது இன்னா பண்ணப் போவுது நம்மள” என்றார்.

கான்கிரீட் மோல்டிங் போட்ட வீடுகளில் அவர் நிம்மதியாக உட்காருவார். தகரக் கொட்டகையில் வியர்த்துக் கொட்டினாலும் முகம் சுளிக்க மாட்டார். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு என்றால் மட்டும் ஆளே மாறிப்போவார். சாம்பல் நிறத்தில் அலையலையாக இருக்கும் பழைய ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் கலந்து செய்தது. அந்த மாதிரி வீட்டில் வேலை செய்யும்போது ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்துப் பின்னந்தலையில் முடிந்துகொள்வார். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார். பகல் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தெருமுனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவார்.

தெருவில் இதற்கு வேறு அர்த்தம் சொன்னார்கள். “நம்ம ஊட்டுத் தண்ணி அவளுக்கு ஆவாதாம். பெரிய மகாராணி” என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். இன்னும் சிலர், புருஷன் செத்ததிலிருந்து கொஞ்சம் மூளை பிசகிவிட்டது என்றார்கள். பிணைக்கிற வேலையில் அவர் போட்ட முறுக்கு ஒன்றுகூட அவிழாது என்பதால் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

எங்கள் தறிக்கூடத்துக்கும் சிமெண்ட் ஷீட்தான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மாமனார் போட்டது. மேலே பாசி கறுத்துப்போய், ஓரங்கள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. வாசலில் நின்று மற்ற வீடுகளைவிட அதிக நேரம் மேலே பார்ப்பார். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

நான் பிரசவத்துக்குச் சந்தவாசலில் அம்மா வீட்டுக்குப் போய், பெண்குழந்தையோடு திரும்பி வந்தேன். மாமியார் இல்லாத வீடு. வீட்டுக்காரருக்குச் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மாமாவுக்குத் தறியில் கூடமாட உதவ வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பதால் தூளியைத் தறிக்கூடத்திலேயே கட்டியிருந்தேன்.

அக்கா பாவு பிணைக்க வந்தார். வழக்கம்போல ஒரு கால் உள்ளே. மேலே பார்த்த கண் அப்படியே இறங்கித் தூளியில் நின்றது. வேகமாக வந்தார். தூளிக்குள் கையை விட்டு, குழந்தைக்குப் போர்த்தியிருந்த துணியின் மேல் ஒரு விரலால் இழுத்து, அந்த விரலை என்னிடம் காட்டினார். நுனியில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது.

“இது இன்னா?”

“தூசிக்கா.”

“எங்கேர்ந்து வந்துது?”

நான் மேலே பார்த்தேன்.

“எல்லாரும் நான் ஷீட்டு தலையில விழுந்துடும்னு பயப்படறேன்னு நெனச்சிகினு இருக்காங்க” என்றார் அக்கா. மாமாவுக்குக் கேட்காதபடி குரலை இறக்கிக்கொண்டார். “அது விழாதுமா. காத்தடிச்சாலும் சுலுவா விழாது. ஆனா கொஞ்சங்கொஞ்சமா விழுந்துகினே இருக்குது. கொழந்தையத் தூக்கு.”

நான் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமா தறியிலிருந்து எழுந்து வந்தார். “பச்சக் கொழந்தைய வெயில்ல எங்க தூக்கினு போற?”

“நெழல்லதாண்ணா நிக்கிறேன்.”

“என் பையன் இந்த ஷீட்டுக்குக் கீழதான் வளந்தான். இன்னா ஆயிடுச்சி அவனுக்கு?”

 மாமா கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஆனாலும் அன்றைக்கே தூளியை அவிழ்த்துச் சமையலறையில் கட்டினேன். அங்கே இடம் போதாது, புகை வேறு. இருந்தாலும் மறுபடி கூடத்தில் கட்ட எனக்குக் கை வரவில்லை.

அக்காவின் கதையைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். இழை பிணைத்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்வார், அடுத்தது வேறொரு நாள் வரும். அவர் வீட்டுக்காரர் ஷீட் போடுகிறவர். அரிசி ஆலை, கோழிப்பண்ணை, பள்ளிக்கூடம், தறிக்கூடம் என்று ஆரணியைச் சுற்றிப் பல கூரைகள் அவர் போட்டவை. ரம்பத்தால் ஷீட்டை அறுப்பார், துளை போடுவார், மேலே ஏறிப் பொருத்துவார். ஆள் நல்ல உயரமாம், பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வாராம்.

“உங்க ஊட்டு ஷீட்டு அவரு போட்டதுதான்” என்றார் ஒரு நாள். “அந்த மூலையில பாரு, கோணலா ஒரு வெட்டு இருக்குதா? அவசரத்துல அறுத்தாரு. உங்க மாமனாரு சண்ட போட்டாரு.”

எங்கள் வீட்டு வாசலில் அவர் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த மனிதருக்கு இருமல் வந்தது. காச நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் போனபோது, என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, ஷீட்டுத் தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது என்று அவர் தலையை ஆட்டினாராம். “அப்புறம் மூச்சுக்காக எழுந்து எழுந்து உக்காருவாரு. ரெண்டு கையாலயும் காத்த வாரி வாயில போட்டுக்கற மாரி” என்று அக்கா சொன்னபோது இழையை இழுத்த விரல் ஒரு நொடி நின்றது. அது நின்று அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. கூடத்தை விளக்குமாறால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைத்தேன். குழந்தை ஒரு தும்மல் போட்டால் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் கூடியது. “இந்தம்மா உன்ன கெடுத்து வெச்சிருக்காங்க. ஒரே பேஜாராப் போச்சு” என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் கூடத்துக்குள் வந்தால் மேலே பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அந்த ஐப்பசி மழையில் ஷீட்டில் விரிசல் கண்டு, முகூர்த்தப் புடவைக்கு ஏற்றியிருந்த பாவின் மேல் ஒழுகிவிட்டது. அரக்கு நிறப் பாவு. ஒழுகின இடத்தில் வெளுத்து ஒரு பட்டை விழுந்தது. மாமா அதைத் தடவித் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “சரி, கூரைய மாத்திடலாம்” என்றார்.

மாற்றுவது என்று முடிவானதும் எதைப் போடுவது என்ற பேச்சு வந்தது. மாமாவுக்கு மறுபடியும் அதே மாதிரி ஷீட் போட்டால் போதும். வீட்டுக்காரர் வண்ணத் தகர ஷீட் என்றார்; ஒரே நாளில் ஏற்றிவிடலாம். அடுத்த தெருவில் அப்படிப் போட்டிருந்த வீட்டைப் போய்ப் பார்த்தோம். சித்திரை வெயிலில் கூடம் அடுப்பாகி, இழை காய்ந்து பட்பட்டென்று அறுவதால், பத்து மணிக்கு மேல் தறியில் உட்காருவதில்லை என்றார்கள். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காதாம். கான்கிரீட் போடலாம் என்று கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மண் வைத்துக் கட்டின சுவர், கான்கிரீட் பாரம் தாங்காது, சுவரோடு சேர்த்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில் ஆரணியில் ஒரு பழைய அரிசி ஆலையை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சீமை ஓடுகளை இறக்கி அடுக்கி வைத்திருப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்தார். எத்தனையோ வருட வெயிலையும் மழையையும் பார்த்த ஓடு. விரல் முட்டியால் தட்டினால் நல்லது கணீரென்றது. விரிசல் விட்டது மொத்தென்றது. புதிதாக எதையும் சுட வேண்டாம், இருப்பதை எடுத்துப் போட்டால் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் இருக்கும் என்றார் ஆலையை இடிக்க எடுத்தவர். இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, கீழே தட்டை ஓடு ஒரு வரிசை, மேலே சீமை ஓடு என்று போட்டால் வெயிலும் இறங்காது.

அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதிலும் பயம் வந்தது. “குரங்கு வந்துதுனா? ஒரு ஓட்ட தூக்கிப் போட்டா கொழந்த தலையிலதான் விழும்” என்றார். ஊரில் குரங்குகள் வருவது உண்மைதான். அதற்காக மேலே கம்பி வலை விரித்துக் கட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அப்படியும் அவர் முழுதாக நம்பவில்லை.

பழைய ஷீட்டை இறக்குகிற நாள் வந்தது. வேலையாட்கள் காலையிலேயே ஏறிவிட்டார்கள். தறியை ஏற்கெனவே கழற்றி நகர்த்தியிருந்தோம். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியவில்லை என்று ஒருவர் சம்மட்டியால் ஷீட்டை ஓங்கி அடித்தார். ஒரு துண்டு பெயர்ந்து கூடத்துக்குள் விழுந்து நொறுங்கியது. வெள்ளையும் சாம்பலுமாகப் புழுதி எழுந்து, உடைந்த இடத்தில் இறங்கின வெயிலில் மினுமினுவென்று சுற்றியது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். என்றாலும் போய் அந்த வீட்டுக் கதவை மூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா அன்று நாலு வீடு தள்ளி வேலையில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

“ஒடைக்காதீங்கப்பா. போல்ட்ட அறுத்து முழுசா எறக்குங்க. தண்ணி ஊத்திக்குங்க.”

“அதெல்லாம் லேட்டாவும்மா. தள்ளி நில்லு” என்றார் மேலே இருந்தவர். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். சம்மட்டி மறுபடியும் உயர்ந்தது.

அக்கா உள்ளே போனார். வாசலில் நிற்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. துண்டுகூட இல்லாமல் நேராகக் கூடத்தின் நடுவில், அவர்கள் அடிக்கிற இடத்துக்கு அடியில் போய் நின்றார்.

“இப்ப அடிங்க” என்றார்.

மாமாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “கூலிக்கு வந்தவ கூலிக்கு வந்தவளா இரு. யார் ஊட்டுக் கூரைய யாரு…” என்று சொல்லிக்கொண்டே அவரைப் பிடித்து இழுக்கப் போனவர் பாதியிலேயே நின்றுவிட்டார். அக்காவின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பற்கள் அடித்துக்கொள்வது எங்களுக்கே கேட்டது. இருந்தாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

மாமா வேலையாட்களைப் பார்த்து, “அந்தம்மா சொல்ற மாரியே எறக்குங்கப்பா” என்றார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, போல்ட்டை அறுத்து, ஒவ்வொரு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். இரண்டு நாள் ஆனது. ஈர ஷீட்டுகளைக் கொல்லையில் அடுக்கி வைத்தோம். அப்போதுதான் இன்னொரு பேச்சு வந்தது.

மாமாவின் கொஞ்ச நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற ஒருவர், அந்த ஷீட்டுகளைத் தனக்குத் தரும்படி கேட்டிருந்தார். வயல் ஓரத்தில் அவர் வீடு. நாலு பக்கமும் சுவர், மேலே பிளாஸ்டிக் படுதா. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். மாமாவும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வண்டியோடு அவர் வந்தபோது அக்கா ஷீட்டுகளுக்கு முன்னால் நின்றார்.

“வேணாம்பா. இத எடுத்துகினு போவாத.”

“இன்னாக்கா, பெரியவரே குடுத்துட்டாரு.”

“எங்க ஊட்டுக்காரரு எப்டி செத்தாருன்னு உனக்குத் தெரியும் இல்ல?”

அவர் கோபமாகப் பேசவில்லை. “தெரியும்க்கா. நீ சொல்ற நோவு எப்பவோ வரும், வராமலும் போவும். மழ இன்னிக்கு வருதுக்கா. போன வாரம் சின்னது நனஞ்சி, ஜுரத்துல ஆஸ்பத்திரில கெடந்துது. பெரியது புஸ்தகத்த மடியில வெச்சிகினு உக்காந்துருக்குது” என்றார்.

அக்கா ஷீட்டுகளுக்கு முன்னாலிருந்து நகரவில்லை.

“உன் ஊட்டு மேல இன்னாக்கா இருக்குது?” என்று அவரே கேட்டார்.

அக்கா திரும்பி நடந்துவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்கும் அதுவரை தோன்றவில்லை. அத்தனை நாள் பழகியும் அக்காவின் வீட்டுக்கு நான் போனதில்லை. அவர் கூப்பிட்டதும் இல்லை. ஷீட்டுக்காக வந்தவரை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, சாயங்காலம் தேடிக்கொண்டு போனேன். சேவூர் கடைசியில் ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே போனதும் தலைக்கு மேல் புடவைகள் தெரிந்தன. பழைய நூல் புடவைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, சுவருக்குச் சுவர் இழுத்து ஆணி அடித்திருந்தார். பூப்போட்ட புடவை, கட்டம் போட்ட புடவை. நடுநடுவே கீழே தொங்கின. தொங்கின இடங்கள் சாம்பல் நிறத் தூசி படிந்து கனத்திருந்தன. அதற்கும் மேலே இருந்தது சிமெண்ட் ஷீட். அவர் வீட்டுக்காரர் தன் வீட்டுக்காகப் போட்டது.

“உக்காராத. வெளிய வா” என்றார் அக்கா.

வெளியே ஒரு கட்டில் கிடந்தது. மழை இல்லாத நாளெல்லாம் அதில்தான் படுப்பாராம். மழை நாளில் உள்ளே படுத்து, புடவையின் தொங்கலைப் பார்த்துக்கொண்டே கிடப்பாராம்.

“இத மாத்தறதுக்கு எனக்கு வழியில்ல. அவன் கேட்டது கரெக்ட்டுதான். நான் சொல்லிகினே திரியறேன். மழைக்கு அவன் எங்க போவான்?”

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் என் வீட்டுக்காரரிடம் பேசினேன். தறிக்கூடத்துக்கும் முன்பக்கம் தாழ்வாரத்துக்கும் சேர்த்துத்தான் ஓடு வாங்கியிருந்தோம். தாழ்வாரம் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த ஓட்டை, ஷீட் கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஓட்டை ஏற்றிய வண்டி கிளம்பும்போது, கொல்லையில் கிடந்த பழைய சட்டங்களையும் அவரே தூக்கி அதில் போட்டார். வயல் ஓரத்து வீடு சின்னது. ஓடு அதற்குத்தான் போதுமானதாக இருந்தது; அக்காவின் வீட்டுக்கு மிச்சம் இல்லை.

இறக்கின ஷீட்டுகளை என்ன செய்வது என்று நகரத்தில் விசாரித்தோம். யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பிளாஸ்டிக்கில் சுற்றி, கிணற்றிலிருந்து தள்ளி மாமாவின் நிலத்து மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். மண் தள்ளி மூடும்வரை அக்கா அங்கேயே நின்றார். கோணல் வெட்டு இருந்த ஷீட் கடைசியாக உள்ளே போனது. அவர் அழவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அது மறைகிறவரை பார்த்தார்.

ஓடு போட்ட கூடத்தில் முதல் பாவுக்கு அக்காதான் வந்தார். கூடம் குளிர்ந்திருந்தது. இழை அறுவது குறைந்ததில் மாமாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே சொல்லவில்லை. எல்லாம் ஒரு வழியாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள், வேலை எதுவும் இல்லாமலே அக்கா வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் உட்கார்ந்தார்.

“வேலூருக்கு ஒருவாட்டி கூட வர்றியாமா?”

“ஏங்க்கா, உடம்பு சரியில்லயா?”

“எனக்கில்ல. பொண்ணுக்கு.”

அவருடைய ஒரே மகளைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். தையல் வேலை செய்கிறவள். சளி பிடித்து இருமிக்கொண்டிருக்கிறாளாம். சளிதான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அக்காவால் நம்ப முடியவில்லை.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். மகள் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், சிரித்த முகம். “அம்மாவுக்கு எப்பவும் இப்படித்தான்க்கா, நான் தும்முனா பஸ் ஏறி வந்துடும்” என்று வழியெல்லாம் கேலி பண்ணிக்கொண்டு வந்தாள். டாக்டர் ஓர் இளம்பெண். அப்பாவின் தொழிலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்களும் அந்த வேலை செஞ்சீங்களாம்மா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“இல்லீங்க. நான் பாவு பிணைக்கிறவ.”

“ஷீட் வீட்ல இருந்தீங்க, அவ்வளவுதானா?”

அக்கா மகளைத் தண்ணீர் வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார். அவள் போனதும் சொன்னார்.

“அவரு சட்டையத் தொவைச்சேன். தெனமும். மொதல்ல நல்லா ஒதறுவேன். மாவு மாரி பறக்கும். பாப்பா பக்கத்துல ஒக்காந்துகினு, அது பறக்கறத பாத்து கைதட்டி சிரிக்கும். அதுக்காகவே இன்னும் ரெண்டு ஒதறு ஒதறுவேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். ஒழுங்காக இருக்கிற கூரைக்குக் கீழே வசிப்பதில் அவ்வளவு ஆபத்து இல்லை. அறுப்பது, உடைப்பது, அந்தத் தூசியைச் சுவாசிப்பது, அதுதான் கெடுதல் என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு பேருக்கும் படம் எடுக்கச் சொன்னார்.

மகளின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அக்காவின் நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வு தடித்துப்போயிருந்தது. இன்னும் சில சோதனைகள் எழுதிக்கொடுத்தார். மகள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம் என்றார்.

திரும்பும்போது மகள் போளூர் வழியாகப் போகிற பஸ் ஏறினாள். நாங்கள் இருவரும் ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்தோம். பஸ் கண்ணமங்கலம் தாண்டியது.

“இத்தினி வருஷம் மேலயே பாத்துகினு இருந்தேன்மா. கையில இருந்தத பாக்கல” என்றார்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“தெரியாது. அவரு போனப்புறம் அந்த டாக்டர்தான் சொன்னாரு, துணி தொவைச்சவங்களுக்கும் வரும்னு. அதக் கேட்டுகினு வந்து யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நெசமாயிடும்னு பயம். எனக்கு வந்தா வரட்டும்மா. அது கைதட்டிச்சே, அதத்தான் என்னால நெனைக்க முடியல.”

சோதனையில் அக்காவுக்கும் அதே நோய்தான் என்று தெரிந்தது. அதற்குமேல் மூன்று வருடம் இருந்தார். முதல் இரண்டு வருடம் வேலைக்கும் வந்தார். மூச்சு வாங்கினால் இழையைப் பிடித்தபடியே நிறுத்தி, ஆசுவாசப்படுத்திக்கொண்டு தொடருவார். கடைசி வருடம் மகள் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கலசப்பாக்கம் போய்ப் பார்த்தபோது தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து, கண்ணால் மகளைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்குத் தலையாட்டினேனே, அதனால் ஒவ்வொரு தை மாதமும் அவர் மகளுக்கு நானே போன் செய்து நினைவுபடுத்துவேன். அவளும் வேலூருக்குப் போவாள். அவளுக்கு அது ஒரு சடங்கு மாதிரி, அம்மாவுக்காகச் செய்கிறாள். படம் பார்த்ததும் கூப்பிடுவாள். “ஒண்ணுமில்லையாம்க்கா, நல்லாத்தான் இருக்கேனாம்” என்பாள், சிரித்துக்கொண்டே. அந்தக் குரல் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

இந்த வருடமும் இன்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாள். மற்ற வருடங்களில் மத்தியானத்துக்குள் கூப்பிட்டுவிடுவாள். இப்போது பள்ளிக்கூடம் விட்டு என் மகளும் வந்துவிட்டாள். ஒருமுறை நானே கூப்பிட்டேன். மணி முழுக்க அடித்தது. எடுக்கவில்லை.